சீட்டு, வங்கி, வகுப்பறை: அமெரிக்க லத்தீனோ மக்களின் பொருளாதாரப் போராட்டம்

2025ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்றிய அரசு எடுத்த இரண்டு முடிவுகள் அந்நாட்டின் லத்தீனோ மக்களை நேரடியாகத் தாக்கின. சிறுபான்மையினரின் தொழில்களுக்குத் துணைநிற்க 1969இல் தொடங்கப்பட்ட சிறுபான்மைத் தொழில் மேம்பாட்டு முகமையைச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவிற்குச் சுருக்குமாறு மார்ச் மாதம் ஆணை பிறந்தது. லத்தீனோ மாணவர் மிகுதியாகப் பயிலும் கல்லூரிகள் உள்ளிட்ட சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டுவந்த ஏறத்தாழ 35 கோடி டாலர் நிதியை நிறுத்துவதாகச் செப்டம்பரில் கல்வித்துறை அறிவித்தது. முதலாவதற்குத் தேவையற்ற அதிகாரக் கட்டமைப்பைக் குறைப்பது என்றும், இரண்டாவதற்கு இன அடிப்படையில் நிதி ஒதுக்குவது அரசமைப்புச் சட்டத்திற்கு முரண் என்றும் காரணம் சொல்லப்பட்டது.

இடஒதுக்கீட்டையும் சிறப்பு உட்கூறுத் திட்டத்தையும் சுற்றி நம் மண்ணில் நடக்கும் வாதங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் காரணங்கள் புதியவை அல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் தொழிலிலும் கல்வியிலும் ஓரடி முன்னே வைத்தவுடன், அந்த அடிக்கு உதவிய படிக்கட்டே அநீதி என்று சொல்லப்படுகிறது. லத்தீனோ சிறுதொழில்களும் மாணவர்களும் எந்தத் தடைகளைக் கடந்து வந்தார்கள், எந்தத் துணைகள் பயன் தந்தன, எவை ஏமாற்றின என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

யார் இந்த லத்தீனோக்கள்?

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6.2 கோடிப் பேர், மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், டொமினிக்கன் குடியரசு எனப் பல நிலங்களில் வேர்கொண்டவர்கள் இவர்கள். எல்லோரும் குடியேறியவர்கள் என்று எண்ணுவது பிழை. பெரும்பான்மையினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கலிபோர்னியா உள்ளிட்ட தென்மேற்கு நிலப்பகுதிகள் 1848 வரை மெக்சிகோவிற்கு உரியவை. அங்கே எல்லைக்கோடுதான் மக்களைத் தாண்டிச் சென்றது. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்.

இவர்களின் உழைப்பு எப்போதும் வரவேற்கப்பட்டது, இவர்களின் குடியுரிமை எப்போதும் ஐயத்திற்கு உள்ளானது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது மெக்சிகோ வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். பத்தாண்டுகள் கழிந்து போர்க்காலத்தில் வயல்களுக்கு ஆள் தேவைப்பட்டதும், 'பிராசெரோ' ஒப்பந்தத்தின்கீழ் 1942 முதல் 1964 வரை மெக்சிகோ உழவுத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர்.

நகரங்களில் வேறொரு சுவர் எழுந்தது. 1930களில் ஒன்றிய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்து, கடன் கொடுப்பதற்கு 'ஆபத்தான' பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. மெக்சிகோ வம்சாவளியினரும் யூதரும் ஜப்பானியரும் கலந்து வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியும் சிவப்பிலேயே காட்டப்பட்டது. வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட குடும்பத்திற்குச் சொத்து சேரவில்லை. சொத்தில்லாத குடும்பத்தால் வங்கியில் ஈடு காட்ட முடியவில்லை. ஈடு இல்லாதவருக்குத் தொழிற்கடன் கிடைக்கவில்லை. ஒடுக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் பொறி இதுவே. 2022ஆம் ஆண்டு மத்திய வங்கியின் குடும்ப நிதி ஆய்வில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். லத்தீனோ குடும்பத்தினது ஏறத்தாழ 62,000 டாலர். நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஓர் உழவர் குடும்பம்

கல்வியும் பொருளாதாரமும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின என்பதற்கு மெண்டஸ் வழக்கு சான்று. 1940களில் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் மாவட்டத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் கொன்சாலோ மெண்டஸ், பெலிசிதாஸ் மெண்டஸ் இணையரின் குழந்தைகளுக்கு அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் மேலும் நான்கு குடும்பங்களுடன் சேர்ந்து 1945இல் வழக்குத் தொடுத்தார்கள். 1946இல் ஒன்றிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கறுப்பின மக்களின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் இவ்வழக்கில் ஆதரவு மனு அளித்தார். நாடெங்கும் பள்ளிப் பிரிவினையைத் தகர்த்த 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பிற்கு இது முன்னோடியானது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வழக்கறிஞரை அமர்த்தும் பணம் மெண்டஸ் குடும்பத்திற்கு அவர்கள் குத்தகைக்கு எடுத்து நடத்திய பண்ணையிலிருந்து வந்தது. கூலிக்கு வேலை செய்தவர்களால் பண்ணை முதலாளிகளின் பள்ளிக் குழுவை எதிர்த்து நிற்பது எளிதாக இருக்கவில்லை. சொந்த வருமானம் இருந்தவரால் நிற்க முடிந்தது. அந்தப் பண்ணையின் உரிமையாளர்கள், போர்க்காலத்தில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தினர் என்பதையும் மறக்கலாகாது. ஒரு மக்கள் பெற்ற வாய்ப்பு, இன்னொரு மக்கள் இழந்த நிலத்தின்மீது அமைந்திருந்தது. போர் முடிந்தபின் பண்ணை அவர்களிடமே திரும்பியது.

கடன் வரலாறு என்னும் கண்ணுக்குத் தெரியாத சாதிச் சான்றிதழ்

இன்று லத்தீனோக்கள் உழைப்பதிலும் தொழில் தொடங்குவதிலும் பின்தங்கியவர்கள் அல்லர். ஊதியப் பணியாளர்களைக் கொண்ட லத்தீனோ நிறுவனங்கள் 2022இல் 4,65,000 இருந்தன என்கிறது அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை. எனினும் பணியாளர் வைத்து நடத்தும் மொத்த நிறுவனங்களில் இது 8 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் சமூகத்தின் நிலை இது. இவற்றைவிடப் பன்மடங்கு அதிகமானவை ஆள் வைக்காமல் ஒருவரே நடத்தும் தொழில்கள்: தோட்டப் பராமரிப்பு, வீட்டுத் துப்புரவு, கட்டட வேலை, உணவு வண்டி. தொழில் தொடங்குகிறார்கள்; ஆனால் அது வளர்வதில்லை. காரணம் முதல்.

அமெரிக்காவில் கடன் வாங்கவும் வீடு வாடகைக்கு எடுக்கவும் ஒருவரின் கடன் வரலாற்றையும் அதிலிருந்து கணக்கிடப்படும் மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். வாங்கிய கடனைத் தவறாமல் அடைத்தவருக்கே மதிப்பெண் உயரும். கடனே கிடைக்காதவருக்கு வரலாறே இல்லை. வரலாறு இல்லாதவருக்குக் கடன் இல்லை. இவ்வாறு பதிவேட்டிலேயே இல்லாத பெரியவர்கள் 2.6 கோடிப் பேர் என 2015இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. வெள்ளையரில் இவர்கள் 9 விழுக்காடு. லத்தீனோக்களிலும் கறுப்பின மக்களிலும் 15 விழுக்காடு. இந்தப் படிவத்தில் இனம் பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. விளைவில் மட்டும் இனம் இருக்கிறது.

2020 பெருந்தொற்றுக் காலத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. சிறுதொழில்களைக் காக்க ஒன்றிய அரசு அறிவித்த கடன் திட்டத்தின் முதல் தவணை 34,900 கோடி டாலர். அது வங்கிகள் வழியே வழங்கப்பட்டது. ஏப்ரல் 3 அன்று விண்ணப்பங்கள் தொடங்கின. பதின்மூன்றே நாளில் பணம் தீர்ந்துவிட்டது. வங்கியில் ஏற்கெனவே கடன் கணக்கும் கணக்கரும் வைத்திருந்தவர்கள் முதலில் பெற்றார்கள். ஒருவரே நடத்தும் தொழில்களுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பே ஒரு வாரம் கழித்துத்தான் திறந்தது. லத்தீனோ தொழில்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் தவணையில்தான் சிறு வங்கிகளுக்கும் சமூக நிதி நிறுவனங்களுக்கும் தனித் தொகை ஒதுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான திட்டம் என்று அறிவிக்கப்படுவது எந்த வாயில் வழியே வருகிறது என்று நாம் ஏன் கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

சீட்டு பிடித்த பாதை

வங்கி கைவிட்ட இடத்தில் மக்கள் தமக்குள் வழி கண்டார்கள். மெக்சிகோ மக்கள் அதைத் 'தாண்டா' என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு டாலர் போடுகிறார்கள். மாதம் ஒருவர் ஆயிரம் டாலரை எடுத்துக்கொள்கிறார். பத்து மாதத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடுகிறது. வட்டி இல்லை, ஈடு இல்லை, நம்பிக்கை மட்டும் உண்டு. நம் தெருக்களில் பெண்கள் நடத்தும் சீட்டும் இதுதான். தள்ளுவண்டி வாங்கவும் கடைக்கு முன்பணம் கட்டவும் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் தாண்டாப் பணம் உதவியது. ஆனால் ஆண்டுக்கணக்காக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவருக்கும் வங்கியின் கண்ணில் வரலாறு கிடையாது.

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில் 2007இல் தொடங்கப்பட்ட மிஷன் அசெட் ஃபண்ட் என்னும் அமைப்பு இந்த இடைவெளியில் கைவைத்தது. சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உறுப்பினர்களிடம் கடன் பத்திரத்தில் கையொப்பம் பெற்று, அவர்கள் மாதந்தோறும் கட்டும் பணத்தைக் கடன் பதிவு நிறுவனங்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. மக்களின் பழைய வழக்கம் வட்டியில்லாக் கடனாக ஏட்டில் ஏறியது, மதிப்பெண் பிறந்தது. கலிபோர்னியா மாநிலம் 2014இல் இத்தகைய வட்டியில்லாச் சிறுகடன்களுக்குத் தனிச் சட்டமே இயற்றியது. அமைப்பின் நிறுவனர் ஹோசே கின்யோனெஸுக்கு 2016இல் மக்காத்தர் நல்கை கிடைத்தது.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கதை இன்னும் கசப்பானது. வங்கிக் கணக்கு இல்லாததால் கூலியைக் கையில் வைத்திருந்த லத்தீனோத் தொழிலாளர்கள் வழிப்பறிக்கு உள்ளானார்கள். அவர்களைக் காக்க 2000இல் அங்கே லத்தீனோ சமூகக் கடன் சங்கம் எழுந்தது. ஸ்பானிய மொழியில் பேசும் பணியாளர்கள், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவரும் வரி செலுத்தப் பயன்படுத்தும் அடையாள எண்ணின் அடிப்படையில் கணக்கும் கடனும் என அது நடைபெறுகிறது. இவ்விரு முயற்சிகளும் 'மக்களுக்கு நிதி அறிவு போதாது' என்னும் மேட்டிமைப் பேச்சுக்கு விடையாக நிற்கின்றன. சேமிக்கத் தெரிந்த மக்களைப் பதிவேடு பார்க்க மறுத்தது. பதிவேட்டைத் திருத்தியதும் மாற்றம் வந்தது.

தெருவோர வணிகரின் உரிமையும் இவ்வாறே போராடிப் பெறப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் தமாலேயும் பழமும் விற்றவர்கள் நெடுங்காலம் குற்றவாளிகளாக நடத்தப்பட்டார்கள். 2018இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் நடைபாதை வணிகத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. விதிமீறலுக்கு அபராதம் மட்டுமே. ஆயினும் உணவு விற்பதற்கான நலவாழ்வு விதிகள் உணவகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தன. அவற்றின்படி கட்டப்பட்ட வண்டி ஒருவரால் தள்ள முடியாத எடையும் ஏழையால் வாங்க முடியாத விலையும் கொண்டிருந்தது. வணிகர் சங்கங்கள் மேலும் நான்காண்டுகள் போராடியபின் 2022இல் அந்த விதிகள் தளர்த்தப்பட்டன. இந்தியாவில் 2014இல் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும் வண்டிகள் அப்புறப்படுத்தப்படுவதைப் பார்க்கும் நமக்கு, சட்டம் வருவதற்கும் அது தெருவில் இறங்குவதற்கும் இடையிலுள்ள தொலைவு விளங்கும்.

அரசுக் கொள்முதலும் போபால் தொடர்பும்

எந்த நாட்டிலும் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே. அமெரிக்காவில் சமூக, பொருளாதார நிலையில் பின்தள்ளப்பட்டோரின் சிறுநிறுவனங்களுக்கு ஒன்றிய அரசின் ஒப்பந்தங்களில் 5 விழுக்காடு சட்டப்படி இலக்கு. 8-ஏ என்னும் திட்டம் அதற்குரிய முதன்மைப் பாதை. கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், பூர்வகுடியினர் உள்ளிட்டோர் சமூக அளவில் பின்தள்ளப்பட்டவர்களாகவே கருதப்பட்டனர். 2023 ஜூலையில் டென்னசியின் ஒன்றிய நீதிமன்றம் இந்தக் கருதுகோளுக்குத் தடைவிதித்தது. அதன்பின் விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும் தாம் சந்தித்த பாகுபாட்டை நிகழ்வு நிகழ்வாக எழுதி மெய்ப்பிக்கவேண்டியதாயிற்று. சமூகக் கட்டமைப்பாக இருக்கும் ஒடுக்குமுறை, தனிமனிதர் பட்ட அவமானக் கதையாகச் சுருக்கப்பட்டது. அவமானத்திற்குச் சாட்சி கேட்கும் இந்த முறையின் கொடுமையை நாம் விளக்கத் தேவையில்லை.

இந்த வரலாற்றில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் மாநாட்டின் அறிக்கை, அமெரிக்கப் பன்மைத்துவக் கொள்கையைச் சுட்டிக்காட்டி, அரசுக் கொள்முதலிலும் தனியார் தொழிலிலும் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பங்கு கோரியது. பின்னர் 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து பெறவேண்டும் என்றது. பல ஆண்டுகளாக நடைமுறை அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. அங்கே நீதிமன்றம் கருவியை உடைக்கிறது. இங்கே கருவி உறையிலேயே கிடக்கிறது.

கல்லூரிக்குள் நுழைவதும் வெளியே வருவதும்

லத்தீனோ மாணவர்களின் முன்னேற்றம் உண்மையானது. 16 முதல் 24 வயது வரையுள்ளோரில் பள்ளிப் படிப்பை முடிக்காமல் விட்டவர்கள் 2000இல் ஏறத்தாழ 28 விழுக்காடு. 2021இல் அது 8 விழுக்காடு அளவிற்கு இறங்கியது. ஆனால் 25 வயதிற்கு மேற்பட்ட லத்தீனோக்களில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் சுமார் 21 விழுக்காடு. வெள்ளையரில் அதைப் போல் இருமடங்கு. பள்ளியை முடித்தவர்கள் கல்லூரியை முடிக்காமல் நிற்கும் இடம் எது என்பதே கேள்வி.

முழுநேரக் கணக்கின்படி இளநிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினராவது லத்தீனோக்களாக உள்ள கல்லூரிகளை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகையாக அங்கீகரித்தது. இன்று அத்தகையவை ஏறத்தாழ 600. நாட்டின் லத்தீனோ இளநிலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில் பயில்கிறார்கள். இந்தக் கல்லூரிகளுக்கு வந்த நிதி ஆய்வகத்திற்கும் நூலகத்திற்கும் வழிகாட்டிகளுக்கும் செலவானது. அங்கே பயிலும் எல்லா இன மாணவரும் பயன்பெற்றனர். அதைத்தான் இன ஒதுக்கீடு என்று 2025இல் நிறுத்தினார்கள்.

எந்தத் துணை பயன் தருகிறது என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் சான்று தருகிறது. அதன் சமூகக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஆசாப் திட்டம், ஈராண்டுப் பட்டப்படிப்பில் முழுநேரம் சேரும் ஏழை மாணவர்களுக்குக் கட்டண இடைவெளியை நிரப்பியது, பாடநூலுக்கு உதவியது, பேருந்து, இரயில் பயண அட்டை தந்தது, அடிக்கடி சந்திக்கும் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடந்த ஆய்வில், மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இல்லாதோரில் 22 விழுக்காடு. இருந்தோரில் 40 விழுக்காடு. பயண அட்டை அற்பமாகத் தோன்றலாம். வேலைக்கும் வகுப்பிற்கும் இடையே ஓடும் மாணவருக்கு வகுப்பிற்கு வருவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது.

அதே பல்கலைக்கழகத்தின் ஓஸ்தோஸ் கல்லூரி, புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் கோரிக்கையால் 1968இல் தெற்கு பிராங்ஸில் நிறுவப்பட்டது. 1976இல் நகரத்தின் நிதி நெருக்கடியைக் காட்டி அதை மூட முயன்றபோது மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் கட்டடத்தைக் கைப்பற்றி வாரக்கணக்கில் தங்கிக் கல்லூரியைக் காப்பாற்றினார்கள். இன்றும் அது இயங்குகிறது.

ஆவணங்கள் எழுப்பும் சுவர் வேறு. டெக்சாஸின் டைலர் நகரில் ஆவணமற்ற குழந்தைகளிடம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கேட்டபோது, பள்ளிக் கல்வியை மறுக்கமுடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கு அந்தக் காப்பு இல்லை. மாநிலத்தில் வளர்ந்த ஆவணமற்ற மாணவருக்கும் உள்ளூர்க் கட்டணமே என்று 2001இல் முதலில் சட்டமியற்றிய டெக்சாஸ், 2025 ஜூனில் ஒன்றிய அரசு வழக்குத் தொடுத்த அன்றே பணிந்து அச்சலுகையை இழக்கச் செய்தது. குடிமக்களான மாணவர்களும் தப்பவில்லை. 2024இல் ஒன்றிய கல்வி உதவித்தொகைக்குப் புதிய இணைய விண்ணப்பம் வந்தபோது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் பல வாரங்கள் அதை நிரப்ப முடியவில்லை. பிள்ளை குடிமகள், தாய் அல்லர். படிவத்தில் அந்தக் குடும்பத்திற்கு இடமே இருக்கவில்லை.

உள்ளே இருக்கும் படிநிலை

லத்தீனோ என்ற ஒற்றைப் பெயருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நினைப்பதும் தவறு. மெக்சிகோவின் ஓவாகா மாநிலத்திலிருந்து வந்த மிஷ்தெக், சபோதெக் பூர்வகுடி மக்கள் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களில் மிகக் கடினமான வேலையைச் செய்கிறார்கள். பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. உயரத்தையும் நிறத்தையும் பிறந்த இடத்தையும் சொல்லி அவர்களின் குழந்தைகளை இழிவுபடுத்தியவர்களில் பிற மெக்சிகோ வம்சாவளி மாணவர்களும் இருந்தனர். பூர்வகுடி அமைப்பினரின் இயக்கத்தால், 'ஓவாக்கீத்தா', 'இந்தீத்தோ' என்னும் இழிசொற்களுக்கு ஆக்ஸ்நார்டு பள்ளி மாவட்டம் 2012இல் தடைவிதித்தது. லத்தீனோ தொழில் மேம்பாடு என்று பேசும்போது, ஸ்பானியத்தில் மட்டும் அச்சிடப்பட்ட கடன் விண்ணப்பம் மிஷ்தெக் பெண்ணுக்கு மற்றொரு பூட்டிய கதவு. சிறுதொழில் வளர்ந்தால் அதில் கூலிக்கு நிற்பவரின் ஊதியமும் வளருமா என்ற கேள்வியையும் இதனுடன் சேர்த்தே கேட்கவேண்டும். தலித் முதலாளியம் பற்றி நம்மிடையே நடக்கும் விவாதமும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளவேண்டியவை

முதலாவது, கணக்கு. சிறுதொழிற் கடன் விண்ணப்பதாரரின் இனத்தையும் பாலினத்தையும் வங்கிகள் பதிந்து தெரிவிக்கவேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அதற்கான விதி வெளிவர 2023 ஆனது. அதன்பின்னும் நடைமுறை தள்ளிப்போகிறது. யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்ற எண்ணிக்கை வெளிவராதவரை பாகுபாட்டை மறுப்பது எளிது. சாதிவாரிக் கணக்கெடுப்பையும், வங்கிக் கிளைதோறும் யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரத்தையும் நாம் கோருவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, மக்களின் கையில் ஏற்கெனவே இருக்கும் நிறுவனங்களிலிருந்து தொடங்குவது. சீட்டையும் மகளிர் குழுவையும் வங்கி மதிக்கும் சான்றாக மாற்றக் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் தம் பகுதியில் உள்ள குழுக்களின் கணக்கேடுகளை ஒழுங்குபடுத்தித் தரவும், அரசுக் கொள்முதல் இணையதளத்தில் பதிவு செய்யவும் உதவலாம். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவும் துணை நிற்கலாம்.

மூன்றாவது, உதவித்தொகை அறிவிப்போடு நிற்காமல் பயணச் செலவு, பாடநூல், வழிகாட்டி ஆகியவற்றைக் கேட்பது. கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் நிர்வாகத்திடம், பட்டத்துடன் வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும்.

இறுதியாக, பெற்ற உரிமை நிலைத்த உரிமை அன்று. டெக்சாஸில் இருபத்து நான்கு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த சட்டம் ஒரே நாளில் செயலிழந்தது. ஓஸ்தோஸ் கல்லூரி இன்றும் இருப்பதற்குக் காரணம், அதை மூட வந்த நாளில் அதன் கட்டடத்திற்குள் மக்கள் இருந்தார்கள் என்பதே.